ஸ்பெயினிலிருந்து வந்த மாமியார்

கி.பி. 1200. எண்பதை நெருங்கும் ஒரு பாட்டி, பிரனீஸ் மலையைத் தாண்டி, ஸ்பெயினில் இருந்த காஸ்டைல் ராஜ்யத்துக்கு வந்து சேர்ந்தார். எதற்கு? பேத்திகளில் ஒருத்தியைப் பிரெஞ்சு இளவரசனுக்குக் கட்டிவைக்க! சாதாரணப் பாட்டியில்லை. முதலில் பிரான்சுக்கும், அப்புறம் இங்கிலாந்துக்கும் ராணியாக இருந்த எலினார்!

பேசி வைத்திருந்தது அக்கா உர்ராகாவைத்தான். ‘இந்தப் பேர் பிரெஞ்சுக்காரர்கள் வாயில் நுழையாதே’ என்று பாட்டி தங்கையைத் தேர்ந்தெடுத்ததாக ஒரு கதை உண்டு. எப்படியோ, பன்னிரண்டு வயது பிளாங்கா, பிரான்சில் ‘பிளான்ச்’ ஆனாள். மாப்பிள்ளை லூயிக்கும் அதே வயசுதான்.

1223-ல் லூயி மன்னரானார். மூன்றே வருஷம்... 1226 நவம்பரில் சீதபேதி கண்டு செத்துப்போனார். மகனுக்கு (அவன் பெயரும் லூயிதான்!) வயது பன்னிரண்டு. ‘ஒரு பொம்பளை, அதுவும் அந்நிய தேசத்துக்காரி, நம்மை ஆள்வதா?’ என்று பிரபுக்கள் முறுக்கிக்கொண்டார்கள். பிளான்ச் உட்கார்ந்து அழவில்லை. மூன்றே வாரத்தில் ரைம்ஸ் நகரில் பையனுக்கு முடிசூட்டிவிட்டார்.

அடுத்தது, பையனையே தூக்கிவிடத் திட்டம் போட்டார்கள். தாயும் மகனும் பாரீசுக்குத் திரும்பும் வழியில், மோன்லேரி என்கிற ஊரில் மாட்டிக்கொண்டார்கள். சேதி தெரிந்ததும், பாரீஸ் ஜனங்கள் ஆயுதத்தோடும் ஆயுதமில்லாமலும் சாலை நெடுகத் திரண்டு வந்து, ராஜாவை அழைத்துப் போனார்கள்!

ராணியைப் பற்றி வதந்திகளுக்கும் குறைவில்லை. போப்பாண்டவரின் தூதரோடு சேர்த்துப் பேசினார்கள். தன்னைவிடப் பதிமூன்று வயது இளையவரான கவிஞர், ஷாம்பெயின் பிரபு திபோவோடும் முடிச்சுப் போட்டார்கள். ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்தால் இதெல்லாம் இலவச இணைப்பு! பிளான்ச் அசரவில்லை. கடுங்குளிரில் பெல்லேம் கோட்டை முற்றுகை நடந்தபோது, மரங்களை வெட்டி, வீரர்களுக்குத் தீ மூட்டச் சொன்னார். 1230-ல் படையோடு வந்திறங்கிய இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஹென்றி, வெறுங்கையோடு திரும்பிப் போனார். ஹென்றி யார் தெரியுமோ? பிளான்ச்சின் தாய்மாமன் மகன்!

1234-ல் மகனுக்குக் கல்யாணம். மணப்பெண் மார்கரெட், பிரான்சுக்கு வெளியே இருந்த புரொவென்சிலிருந்து வந்த சின்னப்பெண். இங்கேதான் நம்ம ஊர் சீரியலே ஆரம்பிக்கிறது! பகலில் மகனும் மருமகளும் சேர்ந்திருப்பது மாமியாருக்குப் பிடிக்காது. பொந்துவாஸ் அரண்மனையில் மேல்மாடி லூயிக்கு, கீழே மார்கரெட்டுக்கு. இருவரும் சந்திப்பது நடுவிலுள்ள சுழல் படிக்கட்டில்! மாமியார் வந்தால், காவலாட்கள் கோலால் கதவைத் தட்டி எச்சரிப்பார்கள். பிரசவத்தில் மார்கரெட் உயிருக்குப் போராடியபோதுகூட, மகன் கையைப் பிடித்து வெளியே இழுத்தார் பிளான்ச். மருமகள் கதறி மூர்ச்சையான பிறகுதான் லூயி திரும்பி வந்தார். லூயியின் நண்பர் ஜுவான்வில் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பன்னிரண்டு வயதில் தானும் இப்படி வந்திறங்கியது பிளான்ச்சுக்கு மறந்தா போயிருக்கும்?

1248-ல் லூயி சிலுவைப் போருக்குக் கிளம்பினார், மனைவியோடு. நாட்டை நம்பி ஒப்படைத்தது, அறுபது வயது அம்மாவிடம்தான்.

1252-ல் பிளான்ச் இறந்தார். சேதி கடல் தாண்டிப் போய்ச் சேர்வதற்குள் வருஷமே மாறிவிட்டது. லூயி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. மார்கரெட்டும் அழுதுகொண்டிருந்தார். ஜுவான்வில்லுக்கு ஆச்சரியம். உங்களுக்குத்தான் அவரைக் கண்டாலே ஆகாதே என்று நேராகவே கேட்டுவிட்டார். மாமியாருக்காக அழவில்லை, புருஷன் படுகிற வேதனையைப் பார்த்துத்தான் அழுகிறேன் என்றாராம் மார்கரெட். இன்னொரு காரணமும் சொன்னார்: ஊரில் விட்டுவந்த மகள், இனி ஆண்கள் பொறுப்பில் அல்லவா வளர வேண்டும்!