காளான்களும் கதிரியக்கப் பொருள்களும்: நோயாளிகளும் பராமரிப்பாளர்களும் அறிய வேண்டியவை

காளான் மண்ணிலுள்ள கதிரியக்கப் பொருள்களை உறிஞ்சும் என்பது உண்மையே. ஆயினும், சந்தையில் கிடைக்கும் வளர்ப்புக் காளானை அந்த அச்சத்தால் தவிர்க்க வேண்டியதில்லை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் வாழ்வோர் உண்மையில் கவனிக்க வேண்டியது வேறொன்று: மழைக்காலத்தில் தானாக முளைக்கும் காட்டுக் காளான்.

காளான் எவ்வாறு உறிஞ்சுகிறது?

நாம் காண்பது காளானின் குடைப்பகுதி மட்டுமே. மண்ணுக்குள் நுண்ணிய இழைகள் வலைபோல் பரவி, நீரையும் தாது உப்புகளையும் ஈர்க்கின்றன. சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள் வேதியியல் தன்மையில் பொட்டாசியத்தை ஒத்தது. எனவே, பொட்டாசியத்தை ஈர்க்கும் இழைகள் சீசியத்தையும் உடன் ஈர்க்கின்றன. காட்டு மண்ணின் மேலடுக்கில் சீசியம் நெடுங்காலம் தங்குவதால், அங்கு வளரும் சில காளான்களில் அது மிகுதியாகச் சேர்கிறது.

1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை விபத்து நிகழ்ந்தது. சீசியம்-137 பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். அதனால், ஐரோப்பாவின் சில காடுகளில் விளையும் காளான்களில் அது இன்றும் காணப்படுகிறது.

நம் பகுதியில் நிலை என்ன?

இங்கு விற்கப்படும் சிப்பிக் காளான், பால் காளான், மொட்டுக் காளான் ஆகியவை காட்டு மண்ணில் விளைபவை அல்ல. வைக்கோல் போன்ற வளர்ப்பு ஊடகங்களில் வளர்க்கப்படுபவை. கல்பாக்கம் அணுமின் நிலையத்தைச் சுற்றியுள்ள மண், நீர், உணவுப் பொருள்கள் அங்குள்ள சுற்றுச்சூழல் ஆய்வகத்தால் தொடர்ந்து சோதிக்கப்படுகின்றன.

காளான் காட்மியம், ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களையும் ஈர்க்கக்கூடியது. எனவே, தொழிற்சாலை வளாகம், குப்பைமேடு, கழிவுநீர்க் கால்வாய், நெடுஞ்சாலை ஓரம் ஆகிய இடங்களில் முளைக்கும் காளானைப் பறித்து உண்ணாதீர்கள். வேகவைப்பதால் உலோகமோ கதிரியக்கமோ அழிவதில்லை.

சிகிச்சை பெறுவோர் கவனத்திற்கு

• வெளியிலிருந்து கருவி மூலம் கதிர்வீச்சு சிகிச்சை பெறுவோரின் உடலில் கதிரியக்கம் தங்காது. அவர்கள் சமைத்த உணவால் பிறருக்குத் தீங்கில்லை.
• தைராய்டுக்கு அயோடின்-131 பெற்றவர்கள், மருத்துவர் கூறிய நாள்கள் வரை தனிமை விதிகளைப் பின்பற்றவும். அது சுமார் 8 நாள்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும்.
• கீமோதெரபி பெறுவோர் காளானைப் பச்சையாக உண்ணாமல், நன்கு வேகவைத்தே உண்ணவும்.
• உடலிலுள்ள கதிரியக்கத்தைக் காளான் மாத்திரை நீக்கும் என்னும் விளம்பரத்தை நம்பி, நடைபெறும் சிகிச்சையை நிறுத்தாதீர்கள். உடலுக்குள் சென்ற சீசியத்தை வெளியேற்றப் ‘புருசியன் நீலம்’ என்னும் மருந்து உண்டு. அதை மருத்துவரே வழங்குவார்.

உடனடி ஆபத்து: நச்சுக் காளான்

சில நச்சுக் காளான்கள் உண்ணத்தக்கவை போலவே தோற்றமளிக்கும். நிறம், மணம், வெள்ளிக் காசு கறுத்தல், பூச்சி அரித்திருத்தல் ஆகிய அடையாளங்கள் எவையும் நம்பத்தக்கவை அல்ல. கல்லீரலைத் தாக்கும் நச்சு சமைப்பதாலும் அழியாது.

இவ்வகை நச்சில் 6 முதல் 24 மணி நேரம் கழித்தே வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். பின்னர் அவை தணிந்து, குணமானது போல் தோன்றும். அந்நேரத்திலும் கல்லீரல் பாதிப்பு தொடர்ந்துகொண்டிருக்கலாம். ஆகவே, ‘சரியாகிவிட்டது’ எனக் கருதி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்?

• காட்டுக் காளான் உண்டபின் உடல்நலம் குன்றினால், 108 ஆம்புலன்ஸை அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.
• மீதமுள்ள காளானையோ சமைத்த உணவையோ உடன் கொண்டு செல்லவும்.
• உண்ட நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் தெரிவிக்கவும்.
• உடன் உண்டவர்கள் அனைவரும், அறிகுறி இல்லாவிடினும், பரிசோதனை செய்துகொள்ளவும்.
• வீட்டில் உப்புநீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்ய வேண்டாம்.

உணவு குறித்த ஐயங்களுக்கு உங்கள் மருத்துவரையோ 104 மருத்துவ உதவி எண்ணையோ அணுகலாம்.