யாழ்ப்பாணம் – கொழும்பு: தூரமும் காலமும்

யாழ்ப்பாணத்திற்கும் கொழும்பிற்கும் இடைப்பட்ட தூரம் யாது என வினவின், வான்வழியே நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர், தரைவழியே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் எனப் புவியியல் விடை பகரும். ஆயின் அத்தூரத்தைக் கடப்பதற்கு மக்கள் எடுத்துக்கொண்ட காலத்தை நோக்குமிடத்து, வரலாறு தரும் விடை ஒன்றல்ல, பல என்பது புலனாகும்.

புகையிரதப் பாதை அமையுமுன்னர், வன்னிக் காடுகளினூடாக மாட்டுவண்டியிற் செல்வோருக்குப் பல நாட்கள் தேவைப்பட்டன. பாய்க்கப்பலிற் செல்வோர் பருவக்காற்றை நம்பியிருந்தனர். 1902 இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்குமிடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. 1905 ஓகஸ்ற் 1 ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சென்ற முதலாவது புகையிரதத்திற்கு 13 மணித்தியாலங்களும் 20 நிமிடங்களும் தேவைப்பட்டன.

இம்மாற்றம் போக்குவரத்தோடு மட்டும் நின்றுவிடவில்லை. வேதனம் கொழும்பில், வீடும் வளவும் கோயில் திருவிழாவும் ஊரில் என்ற அரசாங்க எழுதுவினைஞரின் இரட்டை வாழ்க்கை, இரவு அஞ்சற் புகையிரதத்தின் துணையாலேயே நிலைபெற்றது எனலாம். 1956 இல் சேவைக்கு வந்த யாழ்தேவி அப்பயணத்தைப் பகற்பொழுதுக்குள் அடக்கிற்று. தண்டவாளம் இரு நகரங்களையும் நெருங்கச் செய்த அதே ஆண்டில் அரசகரும மொழிச் சட்டம் அவற்றை விலகச் செய்தமை வரலாற்றின் முரண்நகையாகும்.

வான்வழியோ காலத்தை மேலும் சுருக்கிற்று. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமைக்கப்பட்ட பலாலி விமானத்தளத்திற்கு ஊடாகவே, 1947 டிசெம்பர் 10 இல் எயார் சிலோனின் முதற் சேவை இரத்மலானையிலிருந்து சென்னை சென்றது. ஒரு நாட் பயணம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலமாயிற்று. எனினும் அவ்வசதி வசதிபடைத்தோர்க்கே உரியதாயிருந்தது.

1958 இலும் 1983 இலும் வன்செயல்களால் இடம்பெயர்ந்த தமிழர் கொழும்பிலிருந்து வடக்கிற்குக் கப்பல்களிலேயே அனுப்பப்பட்டனர். பாதை இருந்தும் பாதுகாப்பு இருக்கவில்லை. 1990 இல் யாழ்ப்பாணப் புகையிரதச் சேவை நின்றது. ஆனையிறவுப் பாதையும் மூடுண்டது. மக்கள் கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளங்களிற் கடந்தனர். ஒரு தரப்பினரின் பயண அனுமதியும் மறு தரப்பினரின் சோதனையும் பயணக் காலத்தை நாட்களாக, சிலருக்கு வாரங்களாக நீட்டின. பிற்காலத்தில் பலாலியிலிருந்து விமானத்திற் செல்வதும் அச்சமற்றதாயிருக்கவில்லை. 1998 செப்ரெம்பர் 29 இல் இரத்மலானை நோக்கிப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து, அதிற் சென்ற 55 பேரும் மாண்டனர்.

2002 ஏப்ரலில் ஏ–9 வீதி திறக்கப்பட்டபோது, ஓமந்தையிலும் முகமாலையிலும் இரு தரப்புச் சோதனைகளைத் தாண்டியேனும் உறவினரைக் காண மக்கள் திரண்டனர். 2006 ஓகஸ்ரில் அது மீண்டும் மூடப்பட, திருகோணமலைக் கப்பலும் விமானமுமே எஞ்சின. யுத்தம் 2009 இல் முடிவுற்றதன் பின்னரே வீதி படிப்படியாகத் திறந்தது. 2014 ஒக்ரோபர் 13 இல் புகையிரதம் யாழ்ப்பாணத்தை மீண்டும் அடைந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமானநிலையமாயிற்று.

1905 இற் பயணித்தவர் 13 மணித்தியாலத்திற் கடந்த வழியை, 1990களில் அவர்தம் பேரப்பிள்ளைகள் அக்காலத்துட் கடக்க இயலவில்லை. பொறிகள் விரைவுபெற்ற நூற்றாண்டில் பயணம் தாமதமுற்றமைக்குக் காரணம் நிலமன்று, ஆட்சியும் யுத்தமுமேயாம். எனவே இரு நகரங்களுக்கிடையிலான தூரத்தை அளக்க விழையும் வரலாற்று மாணவன், கிலோமீற்றர்க் கற்களை மட்டுமன்றி, மூடிய வாயில்களையும் எண்ணுதல் வேண்டும்.