ஸ்டாலின் முன் ஐந்து நிமிடம்

1946 ஜூன் 15. மாஸ்கோவில் ஸ்வீடன் தூதராக இருந்த ஸ்டாஃபன் சோடர்ப்ளூம் பணி முடிந்து ஊர் திரும்பவிருந்தார். விடைபெறும் முன் ஸ்டாலினைப் பார்க்க அவருக்கு அனுமதி கிடைத்தது. எல்லாத் தூதருக்கும் கிடைத்துவிடுகிற வாய்ப்பல்ல அது. மரியாதைப் பேச்சுகள் முடிந்ததும், ஏதாவது கோரிக்கை உண்டா என்று ஸ்டாலின் கேட்டார். சோடர்ப்ளூம் ரவுல் வாலன்பெர்க்கின் பெயரைச் சொன்னார். ஸ்டாலின் அந்தப் பெயரைத் திரும்பக் கேட்டு, எதிரே இருந்த காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் போதும். தூதர் மேலும் பேசினார். வாலன்பெர்க் விபத்திலோ கொள்ளைக்காரர்கள் கையிலோ செத்திருப்பார் என்றுதான் தாம் நம்புவதாக ஸ்டாலினிடமே சொன்னார். தகவல் எதுவும் இல்லை என்று சோவியத் தரப்பு அதிகாரபூர்வமாக அறிவித்தாலே போதும் என்ற தொனி அதில் இருந்தது. மொத்தச் சந்திப்பும் ஏறக்குறைய ஐந்து நிமிடம்.

அன்று வாலன்பெர்க் உயிரோடு இருந்தார். அதே மாஸ்கோ நகரில், லெஃபோர்டோவோ சிறையில்.

புடாபெஸ்ட்டில் அவர் ஆற்றிய பணியைச் சென்ற வாரம் விரிவாகப் பார்த்தோம். ஸ்வீடன் முத்திரையிட்ட பாதுகாப்புச் சீட்டுகளைக் கொடுத்து, ஆயிரக்கணக்கான யூதர்களை நாஜிகளின் கையிலிருந்து காப்பாற்றிய 32 வயது இளைஞர். 1945 ஜனவரி 17 அன்று, செம்படைத் தளபதியைப் பார்த்துவர டெப்ரெட்சென் நகருக்குப் புறப்பட்டார். காவலுக்குச் சோவியத் வீரர்கள் கூடவே வந்தார்கள். விருந்தாளியாகப் போகிறேனா, கைதியாகப் போகிறேனா என்றே தெரியவில்லை என்று உடன் இருந்தவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டி ஏறினார். அதே நாளில் அவரைக் கைது செய்யச் சொல்லி மாஸ்கோவிலிருந்து உத்தரவு போயிருந்தது. அதில் கையெழுத்துப் போட்டவர் பாதுகாப்புத் துறையின் துணை அமைச்சர் நிகோலாய் புல்கானின். இந்த உத்தரவு வெளியுலகின் கண்ணில் பட்டது, சோவியத் யூனியன் உடைந்த பிறகுதான்.

வண்டியை ஓட்டிய வில்மோஷ் லாங்ஃபெல்டரும் கூடவே பிடிபட்டார். ஹங்கேரியைச் சேர்ந்த யூத இன்ஜினீயர் அவர். வாலன்பெர்க்குக்காகப் பின்னாளில் உலகம் பேசியது. லாங்ஃபெல்டருக்காகக் குரல் கொடுக்க ஓர் அரசும் இல்லை. அவரும் திரும்பி வரவேயில்லை. வாலன்பெர்க் கதையை எழுதுகிற ஒவ்வொருவரும் இந்தப் பெயரையும் எழுதிவிட வேண்டும்.

ஸ்வீடன் அரசுக்குத் தொடக்கத்தில் துப்பே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வாலன்பெர்க் எங்கள் பாதுகாப்பில் இருக்கிறார் என்று அந்த ஜனவரியிலேயே சோவியத் வெளியுறவுத் துறை ஸ்வீடன் தூதரகத்துக்கு எழுத்திலேயே தெரிவித்திருந்தது. பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் இருந்த சோவியத் தூதர் அலெக்சாண்ட்ரா கொல்லொந்தாய், வாலன்பெர்க்கின் தாயார் மையிடம், உங்கள் மகன் ரஷ்யாவில் பத்திரமாக இருக்கிறார் என்றே சொன்னார். மார்ச் மாதம் காற்று திசை மாறியது. சோவியத் பிடியில் இருந்த ஹங்கேரி வானொலி, வாலன்பெர்க் வழியிலேயே கெஸ்டபோ ஆட்களால் கொல்லப்பட்டார் என்று அறிவித்தது. முதலில் வந்த கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே எங்கள் ஆள் என்று கேட்டிருக்க வேண்டிய தூதர் சோடர்ப்ளூம், வானொலிச் செய்தியின் பக்கம் சாய்ந்துவிட்டார். ஏப்ரலில் அமெரிக்கர்கள் உதவ முன்வந்தபோது, வேண்டாம், ரஷ்யர்கள் முடிந்ததைச் செய்கிறார்கள் என்று மறுத்தார். 1945 டிசம்பரில் சோவியத் அதிகாரி ஒருவரிடம், வாலன்பெர்க் இறந்துவிட்டதாக ஒரு பதில் வந்தால் நன்றாக இருக்கும் என்கிற அளவுக்குப் பேசினார். பின்னாளில் மாஸ்கோ ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிவந்த குறிப்பு இதைச் சொல்கிறது.

பழியைத் தூதர் ஒருவர் தலையில் மட்டும் போட்டுவிடுவது நியாயமாகாது. ஸ்டாக்ஹோமில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஊஸ்டன் உண்டேனுக்குச் சோவியத் யூனியனைக் கோபப்படுத்திவிடக் கூடாது என்ற கவலை இருந்தது. போரில் வென்ற வல்லரசு, பால்டிக் கடலுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது. 1946இல் சோவியத் யூனியனுக்கு நூறு கோடி குரோனர் வர்த்தகக் கடன் தரும் ஒப்பந்தத்தில் ஸ்வீடன் கையெழுத்திட்டது. அந்தப் பேச்சுவார்த்தையில் வாலன்பெர்க்கை ஒரு நிபந்தனையாக வைக்க யாரும் துணியவில்லை. அவர் வெளியுறவுத் துறையில் படிப்படியாக வளர்ந்தவரும் அல்ல. அமெரிக்கர்களின் பணத்தோடும் திட்டத்தோடும் புடாபெஸ்ட்டுக்குப் போன வணிகர். துறைக்குள் அவரைத் தங்கள் ஆளாக நினைத்தவர்கள் குறைவு.

இதே நேரத்தில் சுவிட்சர்லாந்து என்ன செய்தது தெரியுமா? புடாபெஸ்ட்டில் பிடிபட்ட அதன் தூதரக ஊழியர்கள் இருவரும் மாஸ்கோவில்தான் அடைபட்டிருந்தார்கள். சுவிஸ் அரசு விடாமல் கேட்டது, பேரம் பேசியது, 1946 தொடக்கத்தில் இருவரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. மாற்றாகத் திருப்பி அனுப்பப்பட்ட சோவியத் ஆட்கள் அங்கே என்ன பாடுபட்டார்கள் என்ற கேள்வி அந்த வெற்றியின் மேல் ஒரு கறையாக நிற்கிறது. அதை மறைப்பது சரியல்ல. ஆனால், கேட்டால் மாஸ்கோ கொடுக்கும் என்பது அன்றே தெரிந்துபோன உண்மை.

கேட்காமல் விட்டதன் விலையைச் சிறைக்குள் இருந்தவர்தான் கொடுத்தார். லெஃபோர்டோவோவில் கைதிகள் சுவரைத் தட்டிப் பேசிக்கொண்டார்கள். எழுத்துக்கு இத்தனை தட்டு என்று கணக்கு. ஒரு சொல்லை அனுப்பவே நேரமாகும். 1946இல் வாலன்பெர்க் ஸ்டாலினுக்கே ஒரு மனு எழுத முடிவு செய்தார். எந்த மொழியில் எழுதுவது, எப்படி விளித்துத் தொடங்குவது என்றெல்லாம் பக்கத்து அறைகளில் இருந்த ஜெர்மன் கைதிகளோடு சுவர் வழியாகவே யோசனை செய்தார். மனு பிரெஞ்சு மொழியில் போனது. தம்மை விசாரிக்க வேண்டும், ஸ்வீடன் தூதரகத்தோடு தொடர்புகொள்ள விட வேண்டும் என்பதே கோரிக்கை. விசாரணை அதிகாரியிடமிருந்து வந்த பதிலையும் அவர் சுவரில் தட்டிச் சொன்னார்: உன் நாட்டுக்கு உன் மேல் அக்கறை இருந்தால் இந்நேரம் தேடி வந்திருக்குமே, வராததே நீ குற்றவாளி என்பதற்குச் சான்று. அந்த ஜெர்மானியர்கள் பத்தாண்டு கழித்து விடுதலையாகி வந்து சொன்ன சாட்சியம் இது. இந்தத் தொடருக்காகப் படித்தவற்றில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்தச் சாட்சியம்தான். சிறைக்காரன் பொய் சொல்லி அவரைக் கலங்கடிக்கவில்லை, நடந்ததைத்தான் சொன்னான்.

1947 ஆகஸ்ட்டில் துணை வெளியுறவு அமைச்சர் விஷின்ஸ்கி எழுதினார்: வாலன்பெர்க் சோவியத் யூனியனில் இல்லை, அப்படி ஒருவரை எங்களுக்குத் தெரியாது. ஸ்வீடன் அரசு பல ஆண்டுகள் அதோடு பெரும்பாலும் அடங்கிக் கிடந்தது. 1951இல் இத்தாலியத் தூதரக அதிகாரி ஒருவர் சிறையிலிருந்து திரும்பி, லெஃபோர்டோவோவில் தமக்குப் பக்கத்து அறையில் வாலன்பெர்க் இருந்ததைச் சொன்னார். அதன் பிறகுதான் ஸ்டாக்ஹோம், ஆளைத் திருப்பி அனுப்பு என்று அழுத்திக் கேட்டது. 1956இல் பிரதமர் டாகே எர்லாண்டர் சாட்சியங்களின் கட்டை மாஸ்கோவுக்கு எடுத்துப்போய்க் கொடுத்தார். அங்கே அவரை வரவேற்ற சோவியத் பிரதமர், 1945இல் கைது உத்தரவில் கையெழுத்திட்ட அதே புல்கானின்.

1957 பிப்ரவரியில் பதில் வந்தது. லுபியான்கா சிறை மருத்துவப் பிரிவின் தலைவர் ஸ்மோல்ட்சோவ் கையால் எழுதிய ஒரு குறிப்பு கிடைத்ததாம். வாலன்பெர்க் 1947 ஜூலை 17 அன்று அறையில் திடீரென இறந்தார், மாரடைப்பாக இருக்கலாம் என்கிறது அது. பிரேதப் பரிசோதனை நடக்கவில்லை, உடலை எரித்துவிட்டார்கள். குறிப்பை எழுதியவரும், அது போய்ச் சேர்ந்த அமைச்சர் அபாகுமோவும் அதற்குள் உயிரோடு இல்லை.

தாயார் மை அதை நம்பவில்லை. மாற்றாந்தந்தை ஃப்ரெட்ரிக் ஃபோன் டார்டெல் தேடலை ஆண்டுக்கணக்கில் நாட்குறிப்பில் எழுதிவந்தார். 1979 பிப்ரவரியில் இரண்டு நாள் இடைவெளியில் இருவரும் காலமானார்கள். தங்கை நீனாவும் தம்பி கீயும் தேடலைத் தொடர்ந்தார்கள். 1989 அக்டோபரில் மாஸ்கோவுக்கு வரவழைத்து அவர்கள் கையில் ரவுலின் பாஸ்போர்ட்டையும் நாட்குறிப்பையும் கொஞ்சம் வெளிநாட்டுப் பணத்தையும் கேஜிபி ஒப்படைத்தது. ஆளைப் பற்றிப் புதிதாக ஒரு வார்த்தை இல்லை. இத்தனை ஆண்டு தெரியாது, தெரியாது என்று சொன்னவர்களின் அலமாரியில் அந்தப் பாஸ்போர்ட் இருந்திருக்கிறது.

2001இல் ஸ்வீடன் பிரதமர் யோரான் பெர்ஷான் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டாண்டு கழித்து அரசு நியமித்த விசாரணைக் குழு, நடந்தது இராஜதந்திரத் தோல்வி என்று அறிக்கையின் தலைப்பிலேயே எழுதியது. 2016இல் ஸ்வீடன் வரித்துறை, ஆள் பதிவேட்டைப் பார்த்துக்கொள்வது அந்தத் துறைதான், வாலன்பெர்க் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவித்தது. அதில் குறித்த தேதி 1952 ஜூலை 31. சட்ட வசதிக்காக வைத்த தேதி.

வழக்கு அதோடு முடியவில்லை. 2009இல் ரஷ்ய உளவுத்துறையின் ஆவணக் காப்பாளர்களே ஒரு தகவலை ஒப்புக்கொண்டார்கள். 1947 ஜூலை 23 அன்று, இறந்ததாகச் சொன்ன நாளுக்கு ஆறு நாள் கழித்து, லுபியான்காவில் ‘கைதி எண் 7’ என்று ஒருவரை விசாரித்திருக்கிறார்கள். அவர் வாலன்பெர்க்காக இருக்க வாய்ப்பு மிக அதிகம். அந்தப் பதிவேட்டின் மூலப் பக்கங்களை மறைப்பில்லாமல் காட்டுங்கள் என்று 2017இல் குடும்பத்தினர் மாஸ்கோ நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

(தொடரும்)