ஒளிச்செதுக்கு அச்சு

ஒளிச்செதுக்கு அச்சு அல்லது போட்டோகிராவியூர் என்பது ஒளிப்படத்தையோ ஓவியத்தையோ செப்புத் தகட்டில் நுண்ணிய பள்ளங்களாக அரித்து, அவற்றில் மை நிரப்பித் தாளில் அச்சிடும் முறை ஆகும். இது குழியச்சு வகையைச் சார்ந்தது. ஆழமான பள்ளம் கூடுதல் மையைக் கொள்வதால் அவ்விடம் கருமையாகவும், ஆழம் குறைந்த பள்ளம் வெளிர் சாம்பலாகவும் பதிகின்றது. செய்தித்தாள் படங்களில் உள்ளது போன்ற சீரான புள்ளி வரிசை இதில் இல்லை.

வரலாறு

தொடக்ககால வெள்ளி உப்பு ஒளிப்படங்கள் நாளடைவில் மங்கின. மங்காத அச்சு மையால் ஒளிப்படங்களைப் பதிக்கும் வழியை இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட் ஆராய்ந்து, 1852 இலும் 1858 இலும் காப்புரிமை பெற்றார். செக் நாட்டவரான காரெல் கிளிச் 1879 இல் வியன்னாவில் இம்முறையைச் செம்மைப்படுத்தினார். ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் நியூயார்க்கில் வெளியிட்ட 'கேமரா ஒர்க்' இதழ் (1903–1917) இவ்வச்சுக்களால் புகழ்பெற்றது.

செய்முறை

1. மெருகிட்ட செப்புத் தகட்டின் மீது பிசின் தூளைப் படியவிட்டுச் சூடாக்கி ஒட்டச் செய்வர். இத்துகள்கள் இல்லாவிடின் கருமையான பகுதிகள் அகன்ற பள்ளங்களாகி, துடைக்கும்போது மை வெளியேறிவிடும்.
2. பொட்டாசியம் டைகுரோமேட்டில் நனைத்து உலர்த்திய ஜெலட்டின் தாளை, படத்தின் நேர்ப்படலத்தின் கீழ் வைத்து ஒளி படச் செய்வர். ஒளி பட்ட அளவுக்கு ஜெலட்டின் இறுகும்.
3. அதனைத் தகட்டில் ஒட்டி வெந்நீரில் கழுவினால் இறுகாத பகுதி கரைந்துவிடும். படத்தின் நிழற்பகுதிகளில் மெல்லிய படலமும், ஒளிர்பகுதிகளில் தடித்த படலமும் எஞ்சும்.
4. தகட்டைப் பெரிக் குளோரைடு கரைசலில் இடுவர். அடர்ந்த கரைசல் மெல்லிய படலத்தை மட்டுமே விரைவில் ஊடுருவும். படிப்படியாக நீர்த்த கரைசல்களுக்கு மாற்றும்போது தடித்த பகுதிகளும் அரிக்கப்படும்.

கையால் மை இடுதல்

இளஞ்சூடான தகட்டில் ஆளிவிதை எண்ணெய் கலந்த கெட்டி மையைத் தேய்த்து, கஞ்சியிட்ட வலைத்துணியாலும் இறுதியில் உள்ளங்கையாலும் மேற்பரப்பைத் துடைப்பர். பின்னர் ஈரத்தாளை வைத்து உருளை அச்சுப்பொறியில் அழுத்துவர். ஈரத்தால் மென்மையான தாள் பள்ளங்களுக்குள் இறங்கி மையை எடுக்கும். துடைக்கும் அளவைப் பொறுத்துப் படத்தின் ஒளியும் நிழலும் மாறும். எனவே ஒரே தகட்டில் எடுத்த இரு படிகளும் முற்றிலும் ஒத்திருப்பதில்லை. செம்பு மென்மையான உலோகமாதலால் துடைக்கத் துடைக்கத் தகடு தேயும். மிகுதியான படிகள் தேவைப்படின் அதன் மீது மெல்லிய இரும்புப் பூச்சு மின்முறையில் இடப்படும்.

ஓவியரும் தகடும்

பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் ருவோவின் 'மிசரேரே' தொகுப்பு குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டாகும். அவருடைய படங்கள் முதலில் ஒளிச்செதுக்கு முறையில் செப்புத் தகடுகளுக்கு மாற்றப்பட்டன. ருவோ அவற்றை அப்படியே ஏற்காது, கருவிகளாலும் அமிலத்தாலும் கையால் மீண்டும் செதுக்கினார். 58 படங்கள் கொண்ட இத்தொகுப்பு 1948 இல் வெளியானது. இதில் ஒளிப்படமுறை மூலப்படத்தைத் தகட்டுக்குக் கொண்டுவர மட்டுமே பயன்பட்டது. இறுதி வடிவத்தை ஓவியரின் கையே முடிவு செய்தது.

சுழல் குழியச்சுடன் வேறுபாடு

கிளிச் பின்னர் உருவாக்கிய சுழல் குழியச்சில் மிகுதியான மையைக் கத்தி போன்ற தகடு வழித்துவிடுகின்றது. இதனால் விரைவும் சீர்மையும் கிடைக்கின்றன; ஆனால் படிக்குப் படி ஒளிநிழலை மாற்றும் வாய்ப்பு அச்சிடுபவருக்கு இல்லை.