559 ஆம் இலக்கக் காரின் தழும்புகள்

'புல்லிட்' திரைப்படம் 1968 இல் வெளிவந்தது. அதில் சன் பிரான்சிஸ்கோவின் செங்குத்தான தெருக்களில் ஸ்டீவ் மக்குயின் ஓட்டிய பச்சை நிற ஃபோர்ட் மஸ்ராங் உலகறிந்தது. உண்மையில் அவை இரண்டு கார்கள். தொழிற்சாலை இலக்கங்கள் 558, 559 என முடிபவை. பின்னர் இரண்டுமே மறைந்து போயின.

பாய்ச்சல் காட்சிகளில் நொறுங்கிய 558, 2017 இல் மெக்சிக்கோவில் வெளிப்பட்டது. வேறொரு படத்துக் காரின் நகலாக மாற்றப்படவிருந்த அது, உடலில் பொறித்த இலக்கத்தை ஃபோர்டின் உற்பத்திப் பதிவுகளோடு ஒப்பிட்டதனாலேயே தப்பியது.

559 ஐ 1974 இல் ஓர் அமெரிக்கக் குடும்பம் சில ஆயிரம் டொலருக்கு வாங்கி அன்றாடம் பாவித்தது. மக்குயினே 1977 இல் கடிதம் எழுதிக் கேட்டும் கொடுக்கவில்லை!

இலக்கம் காரை இனங்காட்டும். அது அசலாகவே இருக்கிறதா என்பதைக் காட்டாது. கமராவைத் தாங்க அடிப்பாகத்தில் ஒட்டப்பட்ட இரும்புத் தாங்கிகளும் மங்கிய வர்ணமும் 559 இல் அப்படியே இருந்தன. அடித்தல் திருத்தல் உள்ள கையெழுத்துப் பிரதியை நாம் நம்புவதும் இதனாற்றான். யாரேனும் அன்போடு அதைப் புதுப்பித்திருந்தால், சாட்சியத்தைத் தம் கையாலேயே அழித்திருப்பர்.

2018 சனவரியில் டெற்றொயிற் கண்காட்சியில் வெளிப்பட்ட அக்கார், 2020 சனவரியில் புளோரிடா ஏலத்தில், கட்டணங்கள் உட்பட, 37 இலட்சத்து 40 ஆயிரம் டொலருக்குப் போனது. துருவும் கீறல்களும் சேர்த்துத்தான்.