கட்புலனாகும் ஒளி வினையூக்கம்

வினையூக்கி ஒன்று, பெரும்பாலும் உலோகச் சேர்மம், கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலால் கரிம மூலக்கூறுக்கு எலக்ட்ரானைக் கொடுத்தோ, அதனிடமிருந்து பறித்தோ வேதிவினையைத் தொடங்கிவைக்கும் முறை. எளிய கரிமச் சேர்மங்கள் பெரும்பாலும் நிறமற்றவை. கட்புலனாகும் ஒளி அவற்றை ஒன்றும் செய்யாது. புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால் வினை நடக்கும், ஆனால் வேண்டாத பிணைப்புகளும் சேர்ந்து முறியும். நிறமுள்ள உலோகச் சேர்மத்தை நடுவில் வைப்பதால் இந்தச் சேதம் குறைகிறது.

வெயிலைக் கொண்டு வேதிப்பொருள் செய்யும் ஆசை பழையது. இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழக மாடியில் குடுவைகளை வெயிலில் வைத்து ஆராய்ந்த ஜாக்கொமோ சாமிச்சான், 1912இல் நியூயார்க்கில் ஆற்றிய உரையில், நிலக்கரியை விட்டுச் சூரிய ஒளிக்கு மாறும் புகையற்ற தொழில்துறையை விவரித்தார். கேட்டவர்கள் நிலக்கரியிலேயே தொடர்ந்தார்கள்.

தேவையான பொருள் 1936இல் கிடைத்துவிட்டது. அந்த ஆண்டு வேதியியலாளர் பர்ஸ்டால் தயாரித்த ருத்தேனியம்-பைபிரிடின் அணைவுச் சேர்மம் ஆரஞ்சு நிறமுடையது. 452 நானோமீட்டர் அருகே நீல ஒளியை வலுவாக உறிஞ்சும். அதன் கிளர்வுற்ற நிலை ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடி நீடிக்கிறது. பக்கத்து மூலக்கூறோடு மோதி எலக்ட்ரானைக் கைமாற்ற அந்த நேரம் தாராளம். அந்த நிலையில் அதனால் எலக்ட்ரானைக் கொடுக்கவும் முடியும், வாங்கவும் முடியும் என்பதுதான் இதன் தனிச்சிறப்பு. 1970களில் நீரைப் பிளக்கவும் சூரிய ஆற்றலைச் சேமிக்கவும் முயன்றவர்கள் இதை நுணுகி ஆராய்ந்தனர். கரிம வேதியியலில் இது பயன்படும் என்பதற்கு 1978இல் கெல்லாக்கும் 1984இல் டெரோன்சியர் முதலானோரும் சான்று காட்டினர். ஆனாலும் அத்துறையினர் கால் நூற்றாண்டு அதைக் கண்டுகொள்ளவில்லை. குறை பொருளில் இல்லை, பார்வையில்தான்.

2008இல் நிலைமை மாறியது. பிரின்ஸ்டனில் டேவிட் மேக்மில்லன் குழு, வீட்டில் எரியும் 15 வாட் விளக்கொளியில் ஆல்டிஹைடுகளோடு ஆல்கைல் தொகுதியை இணைத்து, கண்ணாடிப் பிம்பங்கள் போன்ற இரு கைவடிவங்களில் விரும்பியதையும் பெற்றது. விஸ்கான்சினில் டெஷிக் யூன் குழு ஈனோன்களை இணைத்து நான்கு கார்பன் அணுக்கள் கொண்ட வளையங்களைக் கட்டியது. மறு ஆண்டே கோரி ஸ்டீபன்சன் குழு கார்பன்-ஹாலஜன் பிணைப்பை மென்மையாக நீக்கிக் காட்டியது. மேக்மில்லனுக்கு 2021இல் கிடைத்த நோபல் பரிசு ஒளிக்காக அல்ல, உலோகமில்லாத கரிம வினையூக்கத்துக்காக. அவரது 2008 ஆய்வில் இரண்டுமே பங்கேற்றன.

2014இல் ஒளிவினையூக்கியோடு நிக்கலையும் கூட்டுச் சேர்த்தது அடுத்த பெரிய பாய்ச்சல். கேரி மொலாண்டர் குழுவும், மேக்மில்லனோடு இணைந்த அபிகெய்ல் டாயில் குழுவும் இதைத் தனித்தனியே வெளியிட்டன. ஒளி உருவாக்கும் தனி உறுப்பை (இணையற்ற எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறுத் துண்டை) நிக்கல் பிடித்து, அரோமாட்டிக் வளையத்தோடு பிணைத்துவிடுகிறது. மருந்து நிறுவனங்கள் இம்முறையை விரைந்து கைக்கொண்டன.

பேரளவு உற்பத்தியில் தடை, ஒளி கரைசலுக்குள் சில மில்லிமீட்டருக்கு மேல் ஊடுருவாததே. அதனால் பெரிய உலைகளுக்குப் பதிலாக, நீல எல்இடி விளக்கொளி படும் மெல்லிய குழாய்களில் கரைசலை ஓடவிடுகிறார்கள். ஒளிவினையூக்கிகளில் பயன்படும் இரிடியமும் ருத்தேனியமும் விலை உயர்ந்த அரிய உலோகங்கள் என்பதால், செம்பு, இரும்புச் சேர்மங்களும் ஈயோசின் போன்ற உலோகமற்ற சாயங்களும் பல வினைகளில் அவற்றுக்கு மாற்றாகப் பயன்படுகின்றன.