இரண்டாம் பாகம்

மதுரையிலிருந்து மேலூர் போகும் சாலையில் ஒத்தக்கடையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், முதலில் கண்ணில் படுவது கடையல்ல, யானைதான். துதிக்கையை நீட்டிப் படுத்துக் கிடக்கிறது, சுமார் 3 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே பாறை யானை.

அன்று என்னோடு வந்தவன் நண்பரின் மகன். கல்லூரியில் படிக்கிறவன். வழியெல்லாம் அசகாய சூரர்களின் சினிமாக் கதைதான். 2016-இல் வந்த 'சூயிசைட் ஸ்குவாட்' அவனை ஏமாற்றிவிட்டதாம். 2021-இல் ஜேம்ஸ் கன் என்பவர் அதையே வேறு விதமாக எடுத்தாராம், அது பிரமாதமாம். "முதல் பாகத்திலே தப்புப் பண்ணினாத்தான் மாமா, ரெண்டாம் பாகம் நல்லா வரும்" என்றான்.

மலையைக் காட்டி, "இதற்கும் இரண்டாம் பாகம் உண்டு, தெரியுமா?" என்று கேட்டேன். கதை கேட்க உட்கார்ந்துவிட்டான்.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் 22-ஆவது படலம், யானை எய்த படலம். மதுரையின்மேல் பொறாமை கொண்ட சோழன் சமணர்களைக் கொண்டு வேள்வி செய்கிறான். தீயிலிருந்து பெரியதொரு யானை புறப்பட்டு வருகிறது. விக்கிரம பாண்டியன் சொக்கநாதரிடம் ஓடுகிறான். இறைவன் வில்லாளியாக வந்து நரசிங்கக் கணை ஒன்றைத் தொடுக்கிறான். யானை சாய்கிறது, மலையாகிறது. முடிந்தது கதை!

எனக்கென்னவோ இதில் ஒரு குறை. வெல்லப்போகிறவன் யாரென்று முதல் வரியிலேயே தெரிந்துவிடுகிறது. பாண்டியனுக்கு வேலையே இல்லை. ஒரே அம்பில் காரியம் முடிந்தால், கேட்கிறவன் நெஞ்சு துடிக்குமா?

அந்தக் குறையை 28-ஆவது படலம் தீர்த்துவைக்கிறது. இம்முறை வருவது பாம்பு. அனந்தகுண பாண்டியன் இறைவனை வணங்கிவிட்டுத் தானே வில்லை எடுக்கிறான், தானே எய்கிறான். பாம்பு செத்து நாகமலையாகிறது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. செத்த பாம்பு கக்கிய விஷம் ஊரெங்கும் பரவி ஜனங்கள் மயங்கி விழுகிறார்கள். வென்றவன் மறுபடியும் கோயிலுக்கு ஓட வேண்டியிருக்கிறது. இறைவன் அமுதம் தெளித்த பிறகே நகரம் பிழைக்கிறது. அடுத்த படலத்தில் மாயப்பசு வந்து பசுமலையாகிறது. என் மனத்தில் நிற்பதோ பாம்புக் கதைதான். பகையை ஜெயித்த பிறகும் மிஞ்சுகிற விஷத்தைப் பற்றி அல்லவா அது பேசுகிறது?

"அப்போ சமணர்கள்தான் வில்லன்களா?" என்று கேட்டான் பையன். நல்ல கேள்வி. பதிலைப் புராணம் சொல்லாது, மலைதான் சொல்லும்.

யானைமலையின் குகைத்தளத்தில் ஏறக்குறைய 2000 ஆண்டுப் பழமையுள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. மலையை அது 'இவகுன்றம்' என்கிறது. இவம் என்றால் யானை. ஆகவே வேள்வித் தீயும் நரசிங்கக் கணையும் கதையில் வருமுன்பே மலைக்கு யானையென்று பேர் வந்துவிட்டது! அங்கே கற்படுக்கைகளில் வாழ்ந்தவர்கள் துறவிகள். பின்னால் கி. பி. 9, 10-ஆம் நூற்றாண்டுகளில் பாறை முகப்பில் தீர்த்தங்கரர்களைச் செதுக்கினார்கள். அவர்களில் ஒருவர் பார்சுவநாதர். அவர் தலைக்குமேல் படமெடுத்து நிற்பது ஒரு நாகம். கொல்ல வந்ததல்ல, காக்க வந்தது. கதையில் சமணர் ஏவிய பாம்பு மதுரையை அழிக்க வருகிறது. சமணர் செதுக்கிய பாம்போ குடை பிடிக்கிறது. இருதரப்பாரும் வாழ்ந்த ஊரில் ஒரு தரப்பின் கதை மட்டும் வென்றது. வென்ற பிறகு மிஞ்சும் விஷம் என்று சொன்னேனே, அது இதுதான்.

அதே மலையடிவாரத்தில், நரசிங்கத்தில், இன்னொரு இரண்டாம் பாகம் கல்லில் இருக்கிறது. பாண்டியன் நெடுஞ்சடையன் பராந்தகனுக்கு உத்தரமந்திரியாக இருந்தவன் மாறன்காரி. கி. பி. 770-இல் நரசிங்கப் பெருமாளுக்குப் பாறையைக் குடைந்து கோயில் எடுத்தான். நீர் தெளித்துப் பிரதிஷ்டை செய்வதற்குள் அவன் கண்ணை மூடிவிட்டான். அவனுக்குப் பின் உத்தரமந்திரியான தம்பி மாறன் எயினன், முகமண்டபம் சேர்த்து நீர் தெளித்து முடித்தான். இதையெல்லாம் வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. தம்பி நினைத்திருந்தால் அண்ணன் பேரை விட்டுவிட்டுத் தன் பேரை மட்டும் வெட்டிக்கொண்டிருக்கலாம். செய்யவில்லை. கல்லில் அண்ணன்தான் முதலில் நிற்கிறான். அரியணைக்காக அண்ணன் தம்பியர் வெட்டிக்கொண்ட சரித்திரத்தை எவ்வளவோ படித்திருக்கிறோம். நடுவே இப்படி ஒரு தம்பி!

2010-ஆம் ஆண்டு வாக்கில் இந்த மலையைச் செதுக்கிச் சிற்ப நகரம் ஆக்கலாமென்று ஒரு யோசனை கிளம்பியது. ஒத்தக்கடையாரும் நரசிங்கத்தாரும் சுற்று வட்டாரத்தாரும் எதிர்த்து நின்றார்கள். யானை பிழைத்தது. அம்பு தொடுக்க ஆகாயத்திலிருந்து யாரும் இறங்கி வரவில்லை. அனந்தகுணனைப்போல ஊராரே எழுந்தார்கள்.

திரும்பும்போது பையன் நீண்ட நேரம் பேசவில்லை. பஸ் ஒத்தக்கடையைத் தாண்டியதும் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டு, "மூணாம் பாகம் எப்போ மாமா?" என்றான்.

"உங்கள் தலைமுறையைத்தான் கேட்க வேண்டும்" என்றேன்.